பதினாறு நாள் திரி

சிறை
14.6.2024, வெள்ளி

அன்புள்ள பானுப்பிரியாவுக்கு,

உன் மச்சான் முனியராஜ் எழுதுவது. நான் நலம். நலம் என்றால், கீழுதட்டில் இரண்டு தையல், அவ்வளவுதான். கம்பெனி போர்மேன் சிவபாண்டியின் கையை வெட்டி உள்ளே வந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆனவன் எல்லாருக்கும் பெண்டாட்டி மனுப் போட்டு வந்து பார்க்கிறாள். எனக்கு மட்டும் வக்கீல் வருகிறார். ஊரில் நீ நல்லபடியாக இருக்கிறாயா, அக்கா மகள் தாயி சாப்பிடுகிறாளா, ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா?

இங்கே வியாழக்கிழமைதோறும் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. சாதிக் பாட்சா என்று விருதுநகர்க்காரர், ரிட்டையர்டு வாத்தியார், சும்மாவே வந்து சொல்லித் தருகிறார். மிளகாய் வத்தல் மண்டிக் குடும்பமாம். பக்கத்தில் நின்றால் எனக்குத் தும்மல் வருகிற மாதிரியே இருக்கும். வகுப்புக்குப் போனால் மதிய வேலை கிடையாது என்றுதான் போய் உட்கார்ந்தேன். இப்போது முதல் வரிசையில் இடம் பிடிக்கிறேன். சிரிக்காதே.

போன வாரம் சார் போர்டில் ஒரு குக்கர் வரைந்தார். சூட்டையும் அழுத்தத்தையும் வைத்து இங்கிலீஷ்காரன் எத்தனை பேச்சு வைத்திருக்கிறான் பாருங்கள் என்றார். 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்று ஒன்று. ஆவியை வெளியே விடுவது. மனதில் அடைபட்டுக் கிடக்கிற கோபத்தைக் கத்தியோ ஓடியோ விளையாடியோ தீர்த்துக்கொண்டால் ஆள் சாந்தமாகிவிடுவானாம். நான் எழுந்து, "சார், எங்க ஊரு வெடி மருந்துக்கு விசிலு கெடையாது. சொல்லாம கொள்ளாம வெடிச்சிரும்" என்றேன். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொன்று 'ஷார்ட் ஃப்யூஸ்'. குட்டைத் திரி. சட்டென்று கோபம் வருகிறவனுக்கு அந்தப் பேர். பட்டாசுக் கம்பெனி பேக்கிங்கில் நீங்கள் பொறுக்கித் தூக்கி எறிவீர்களே, பற்றவைத்தவன் ஓடுவதற்குள் வெடிக்கும் என்று, அந்தத் திரிதான். சார் விளக்கம் சொல்லும்போதே வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்று சாயங்காலமே அடுத்த பிளாக்குக் கைதி ஒருவன் என்னைக் காட்டி, "இவன்தாம்லே சோத்தப் போட்டு வெட்டுனவன்" என்றான். அலுமினியத் தட்டின் விளிம்பால் வாயிலேயே ஒரு போடு போட்டேன். அவனுக்கு இரண்டு பல் போயிற்று. எனக்கு உதடு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மாரிசாமி வக்கீல் ஒரு வழி சொல்கிறார். அதுவும் ஒரு சூட்டுப் பேச்சுதான். 'ஹீட் ஆஃப் த மொமெண்ட்'. அந்த நேரத்துச் சூட்டில், யோசிக்க இடமில்லாமல் ஒன்றைச் செய்துவிடுவது. அப்படி என்று ஜட்ஜ் நம்பிவிட்டால் தண்டனை பாதிக்குப் பாதி குறையும், ஒருவேளை இருந்த நாளோடு விட்டும் விடுவார்கள். வீட்டுக்குள் அப்போது இருந்தது நீ ஒருத்திதான். சிவபாண்டி, "ஒங்கக்கா திமிருலதான் செத்தா" என்று சொன்னான், உடனே என் வீட்டுக்காரர் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்துவிட்டார் என்று நீ கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இந்த ஒரு சொல்லில்தான் நான் வெளியே வருவது இருக்கிறது.

பதில் போடு.

உன் மச்சான்
முனியராஜ்


ஏழாயிரம்பண்ணை
24.6.2024

முனியராஜுக்கு,

நீங்கள் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். உன் கோபத்தில் நான் பார்க்காத கோலமா?

இங்கிலீஷ் படிக்கிறாயாம். நல்லது. சுட்டது எது, சுடாதது எது என்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டியதுதான். நான் ஏன் வரவில்லை என்று கேட்டாய். வந்தால் உன் முகத்தில் காறித் துப்பிவிடுவேனோ என்ற பயத்தில் வரவில்லை. போதுமா?

சிவபாண்டி மதினியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எனக்கு மறக்கவில்லை, ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் ஓடுகிறது.

மாசி மாதத் திங்கட்கிழமை கம்பெனியில் மருந்து அறை வெடித்து உன் அக்கா, பஞ்சம்மாள் மதினி போனாள். கையில் பச்சை குத்தியிருந்த தாயி பேரை வைத்துத்தான் அவளை அடையாளம் சொன்னோம். அன்றைக்கே நீ ஓடிப் போய் போர்மேன் சிவபாண்டியை வெட்டியிருந்தால், அது சூடு. நான் ஒத்துக்கொள்கிறேன். பால் பொங்கினால் பொங்கியதுதான், யாரும் பாலைக் குறை சொல்வதில்லை. நீ அன்றைக்கு வெட்டவில்லை. மறுநாளும் வெட்டவில்லை. தினமும் பின்னால் துவைக்கிற கல்லில் அரிவாள் தீட்டினாய். எதுக்கு மச்சான் என்று கேட்டேன். "பதினாறுக்குப் பந்தக்கால் சீவணும்ல" என்றாய். நானும் கிறுக்கி, நம்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீயே சிவபாண்டிக்குப் போன் போட்டாய். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் எங்கக்கா ஆத்மா ஆறும். ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். எனக்கு அழுகையே வந்தது, என் புருஷனுக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று.

அவர் வரும்போது பந்தி முடிந்திருந்தது. "எனக்கெதுக்கும்மா எல போட்டுக்கிட்டு, நின்னமேனிக்கு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறேன்" என்றார். நான்தான் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். நான்தான் இலை போட்டேன். நான்தான் சோறு வைத்தேன். சாம்பாரைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டு, இரண்டாவதை உருட்டினார். நீ அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை எடுத்தாய். முதல் வெட்டு தோளில். இரண்டாவது மணிக்கட்டில். கை அப்படியே இலையில் கிடந்தது, விரல்கள் சோற்றை விடவில்லை. மூன்றாவதைக் கழுத்துக்கு ஓங்கினாய். நான் சாம்பார் வாளியோடு குறுக்கே விழுந்தேன், வெட்டு வாளியில் இறங்கியது. கொதிக்கிற சாம்பார் என் முழங்கையிலிருந்து தோள்வரை ஊற்றியது. அந்தத் தழும்பு இப்போதும் ரவிக்கைக் கைக்குக் கீழே தெரிகிறது. சுவரில் தெறித்த ரத்தத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன், தழும்புக்கு எதை அடிக்க?

உன் திரி குட்டை என்று உன் வக்கீல் கோர்ட்டில் சொல்லப் போகிறாராம். பதினாறு நாள் நீளமுள்ள திரி அது. நீயே அளந்து, நீயே திரித்து, வாசலில் நின்று "வாங்கண்ணாச்சி" என்று பற்றவைத்தாய். அழைப்புக் கொடுத்து வரவழைக்கிற சூட்டுக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று உங்கள் சாரிடம் கேட்டு எழுது.

தாயி என்னோடுதான் இருக்கிறாள். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். உங்கள் கம்பெனி என்னை வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றுவிட்டது. வெடிக்கு வெறுங்குழாய் சுற்றுகிற யூனிட்டில் சேர்ந்திருக்கிறேன். காகிதமும் பசையும்தான், மருந்து கிடையாது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

பானுப்பிரியா


சிறை
5.7.2024

ஏ பானு,

யாருக்கு நீ பெண்டாட்டி? எனக்கா, அந்த ஒற்றைக் கையனுக்கா?

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, விடுதலையாகிப் போகிற ஒருவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன். எனக்குத் தலையில் ஏழு தையல். பல் போனவனின் கூட்டாளிகள் குளிக்கிற இடத்தில் மடக்கி, வாளியால் அடித்தார்கள். வாளி என்றால் எனக்கு இனி ஆகாது போல. ரத்தம் கண்ணில் வழியும்போதும் ஒருவன் காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன், இரண்டு வார்டர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

நீ சாம்பார் பட்ட தழும்பைப் பற்றி எழுதுகிறாய். வெடிச் சத்தம் கேட்டு முதலில் உள்ளே போனவன் நான். புகைக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. "தூக்குலே" என்றாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். தோல் மட்டும் என் கையோடு வந்துவிட்டது, அவள் அங்கேயே இருந்தாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். பதினாறு நாளும் நான் சோறு பிசையும்போது என் கையில் அதுதான் ஒட்டியிருந்தது. சிவபாண்டி மட்டும் வந்து கை நனைத்துவிட்டு, ஏப்பம் விட்டுப் போக வேண்டுமா? சனிக்கிழமை மருந்தைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்து அக்காவைத் தொட வைத்தவன் அவன். மிச்ச மருந்து ராத்தங்கினால் என்ன செய்யும் என்று இருபது வருஷ போர்மேனுக்குத் தெரியாதா?

நேற்று சார் ஒன்று சொன்னார். 'இஃப் யூ காண்ட் ஸ்டாண்ட் த ஹீட், கெட் அவுட் ஆஃப் த கிச்சன்.' சூடு தாங்காதவள் அடுப்படியை விட்டு வெளியே போ என்று அர்த்தம். சார் பொதுவாகத்தான் சொன்னார். நான் உனக்குச் சொல்கிறேன். என் கோபம் தாங்காவிட்டால் என் வீட்டை விட்டுப் போ. தாயியை விட்டுவிட்டுப் போ.

போவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைக் கூண்டில் சொல்லிவிட்டுப் போ. நான் வெளியே வர வேண்டும். மூன்றாவது வெட்டு பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை வாளி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்வேன்.

முனியராஜ்


ஏழாயிரம்பண்ணை
4.8.2024

முனியராஜுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்தவன் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். படித்த பிறகு அடுப்பில் போட்டேன். வீட்டை விட்டுப் போகச் சொன்னாயே, வாடகை கொடுப்பது நான். போகிறவள் நானா நீயா என்று பிறகு பார்ப்போம்.

மதினியைத் தூக்கினதை எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு நாளும் உனக்காகத்தான் அழுதேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கல் போனேன், சிவபாண்டி வீட்டுக்கு. என் புருஷன் மறுபடியும் வெட்ட வருவான், எங்காவது வெளியூர் போய்விடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் பெண்டாட்டி சின்னத்தாய் கதவைத் திறந்தாள். யார் என்று பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டு நின்றேன். இன்னொன்றும் வைத்தாள். காதுக்குள் உய்யென்று சத்தம். மூன்றாவதுக்குக் கை ஓங்கினவள், அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "எலையப் போட்டு வெட்டுனீகளேடி, எலையப் போட்டு வெட்டுனீகளே" என்று அதையே சொன்னாள். இலை போட்டவள் நான். உண்மைதானே?

சிவபாண்டி உள்ளே பாயில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். "வரட்டும்மா. வந்து முடிச்சிட்டுப் போகட்டும். எடது கையால சோறு திங்கப் பழகவே முடியல" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. மருந்தை ஏன் அண்ணாச்சி வைத்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் வெட்டுப்பட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒம் மதினிதாம்மா வச்சிட்டுப் போனா. சனிக்கெழம சாயங்காலம் மிச்சத்த தண்ணித் தொட்டில கொட்டிருன்னு சொன்னேன். சரிண்ணாச்சின்னா. நான் அடுத்த ரூமுக்குப் போயிட்டேன். இவ தட்டோட மூலைல வச்சு, காஞ்சிரக் கூடாதுன்னு ஈரச்சாக்கப் போட்டு மூடிட்டுப் போயிருக்கா. திங்கக்கெழம நான் போறதுக்குள்ள சாக்க எடுத்துட்டா."

அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் ராத்திரியெல்லாம் உள்ளுக்குள்ளேயே சூடேறும், தொட்டால் போதும் என்று நம் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். மதினிக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியாம என்ன? நான்தானே நெருக்குனேன். திங்கக்கெழம மத்தியானம் லோடு ஏறணும்னு மொதலாளி என்னைய நெருக்குனாரு. நான் இவள நெருக்குனேன். மறுக்கா மருந்து கலக்க நேரம் ஏதுன்னு வச்சிட்டா. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாரும் நெருக்கத்தானம்மா செஞ்சோம்."

இதை அப்போதே ஏன் சொல்லவில்லை, போலீசிலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "செத்தவ மேலதான் தப்புன்னு எம் வாயில இருந்து வந்தா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது. கம்பெனிக்காரங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாக" என்றார். தாயி பேரில் போட வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனிக்காரர்கள் போன மாதம்தான் போட்டார்கள். அதுவரை மனுஷன் வாயைத் திறக்கவில்லை. இனி இந்தக் கடிதத்தை ஜெயிலில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். என் புருஷன் அரிவாளை எடுத்தபோதாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி என்றேன்.

"வாயில சோறு இருந்துச்சும்மா" என்றார்.

பானுப்பிரியா


சிறை
16.8.2024

பானு,

பொய். முழுப் பொய். கை போனவன் கதை கட்டுகிறான், நீ கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதுகிறாய். அக்கா பதினெட்டு வயதில் மருந்து அறைக்குப் போனவள். அவளா ஈரச்சாக்குப் போடுவாள்? செத்தவள் வந்து இல்லை என்று சொல்ல மாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு.

இனி எனக்குக் கடிதம் போடாதே.

போடுவதாக இருந்தால் ஒன்று மட்டும் எழுது. மூலை என்றானே, எந்த மூலை? கதவுக்குப் பக்கத்து மூலையா, ஜன்னல் பக்கமா? நான் உள்ளே போனபோது ஜன்னல் பக்கத்து மூலையில் ஒரு சாக்கு எரிந்துகொண்டிருந்தது. புகைக்குள் அதைத்தான் முதலில் மிதித்தேன். உள்ளங்காலில் கொப்புளம் போட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தாள். தாயிக்கு முடியிறக்க இருக்கன்குடி கோயிலுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டோ சொல்லி வை என்றாள். "சாயங்காலத்துக்குள்ள வேல முடிஞ்சிருமாக்கா" என்றேன். "மருந்து ரெடியா இருக்குலே, போனவுடனே ஓட்டிருவேன்" என்றாள். மருந்து ரெடியா இருக்கு என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். இதை ஏன்டி இப்போது எனக்கு ஞாபகப்படுத்தினாய்? நான் பாட்டுக்கு அவனை வெட்டுகிற நினைப்பிலேயே நிம்மதியாக இருந்தேன்.

இதை இடது கையால் எழுதுகிறேன், அதுதான் கோணல் மாணல். வலது கையைச் சுவரில் குத்தி இரண்டு விரல் எலும்பு போயிற்று. வார்டர் யார் அடித்தது என்று கேட்கிறார். யாரைச் சொல்ல?

முனியராஜ்


ஏழாயிரம்பண்ணை
19.1.2025

முனியராஜுக்கு,

ஜன்னல் பக்கத்து மூலைதான். சிவபாண்டியிடம் கேட்டு அப்போதே எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நீ எழுதாவிட்டாலும் நான் எழுத வேண்டியிருக்கிறது, நாளை மறுநாள் கோர்ட்.

மாரிசாமி வக்கீல் நேற்று வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் நடத்தினார். எந்தக் கேள்விக்கு எங்கே அழ வேண்டும் என்றுகூடச் சொல்லித் தந்தார். 'அந்த நேரத்துச் சூட்டில்' என்பதை மட்டும் மறந்துவிடாதே அம்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் யூனிட் ஆபீசில் கணக்கு எழுதுகிற பெண்ணிடம், அந்தச் சூட்டுக்கு எதிர்ப்பேச்சு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். 'கோல்ட் பிளட்' என்றாள். குளிர்ந்த ரத்தம். ஆறவைத்து, திட்டம் போட்டுச் செய்வது. கேட்டதும் எனக்கு அது சரியாகப் படவில்லை. உன் ரத்தம் ஒரு நாள்கூடக் குளிரவில்லை என்று எனக்குத் தெரியும். பதினாறு நாளும் பக்கத்தில் படுத்திருந்தவள் நான், உன் உடம்பு அனலாகக் கிடந்தது. நீ அந்த நேரத்துச் சூட்டிலும் வெட்டவில்லை, ஆறிப்போயும் வெட்டவில்லை. கொட்ட வேண்டியதைக் கொட்டாமல் மூடி வைத்தாய். மதினி செய்ததைத்தான் நீயும் செய்தாய். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடி வைத்தாள், நீ பதினாறு நாள் வைத்தாய்.

நான் கூண்டில் ஏறினால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீ போன் போட்டது, அரிவாள் தீட்டியது, நான் இலை போட்டது, எல்லாம். பொய் சொன்னால் நீ வீட்டுக்கு வருவாய். வந்தால் திருத்தங்கல் போவாய். ஒருவேளை போக மாட்டாய். ஆனால் நீ வெளியே கிளம்பும்போதெல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு மனுஷனின் ரத்தத்தை என் வீட்டுத் தரையில் கழுவ எனக்குச் சக்தியில்லை.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நான் பொறுக்கிறேன். எத்தனை வருஷம் போட்டாலும் பொறுக்கிறேன். நீ ஆறி வா.

எனக்கு உன்மேல் ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. அது வேறு, இது வேறு. இதை எழுதும்போது தாயி பக்கத்தில் இருந்து, மாமாவுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறாள். நலம் விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பானு


சிறை
31.1.2025

அன்புள்ள பானுவுக்கு,

உன் கடிதம் கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில்தான் கைக்கு வந்தது. வேனிலேயே படித்தேன். படித்ததும் உன்னை அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது. பாதி வழியில் அடுத்தவன் தோளில் சாய்ந்து அழுதேன். அவன் கொலைக் கேஸ், ஒன்றும் கேட்காமல் தோளைக் கொடுத்தான்.

கோர்ட்டில் நடந்ததை நீ பார்த்தாய். ஆனாலும் எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். உன் பேரைக் கூப்பிட்டார்கள். நீ அந்தப் பச்சைச் சேலையில் வந்தாய். கூண்டுப் படியில் கால் வைத்தபோது முந்தானை விலகி, முழங்கைக்கு மேலே தழும்பு தெரிந்தது. சிவபாண்டி பின் பெஞ்சில் இருந்தார். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஏழாயிரம்பண்ணை முழுக்க உன்னைச் சொல்லுமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். "அய்யா, அவளக் கேக்க வேண்டாம். நான்தாங்கய்யா போன் போட்டுக் கூப்பிட்டு, எலைல ஒக்கார வச்சு வெட்டுனேன். அண்ணாச்சி ஒரு வார்த்த தப்பாப் பேசல." மாரிசாமி வக்கீல் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த நிமிஷம் அவரையும் ஒரு குத்து விடலாம் என்று கை துருதுருத்தது. நான் ஆறிவிட்டேன் என்று நினைக்காதே. இன்னும் இல்லை.

அக்கா பேரை நான் எடுக்கவில்லை. மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவபாண்டியும் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேரோடும் உன்னோடும் இருக்கட்டும். தாயிக்கு வேண்டாம்.

ஏழு வருஷம் என்று செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது. உனக்குத் தெரியும். தாயி வயதுக்கு வரும்போது நான் இருக்க மாட்டேன். மாமன் சீரை என் பேரில் நீயே செய்துவிடு.

நேற்று வகுப்பில் சாதிக் பாட்சா சார், 'ஹீட் ஆஃப் த மொமெண்ட்'டுக்கு ஆளுக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னார். மனைவியை அறைந்தது, பஸ்ஸில் சண்டை போட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் முறை வந்தது. "கோர்ட்டுல உண்மையச் சொன்னது, சார்" என்றேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், பானு. அதுதான் உண்மை. சார் சிரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்தவனைக் கேட்டார்.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. தீர்ப்பு முடிந்து விலங்கு போட்டு என்னைக் கூட்டிவந்தபோது நீ வாசலில் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தாய். வராந்தாவில் சிவபாண்டி நின்றிருந்தார். முழுக்கைச் சட்டையின் வலது நுனி வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திட்டுவார், துப்புவார், இல்லாவிட்டால் இடது கையால் ஒன்று விடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும். மனுஷன் கிட்டத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தார். மதியம் மூன்று மணி, என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"சாப்பிட்டியாலே?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் இழுத்தார், வந்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

நீ திருத்தங்கல் பக்கம் போனால் அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ச் சொல்லு. சாப்பிட்டேன் என்று சொல்லு.

முனியராஜ்